குறுக்குக் கோடு

நண்டுச் சாமியாருக்கு மட்டும்
முப்பத்தொரு அட்டைகள்.
கட்டம் போட்ட வெள்ளை அட்டை,
பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு வாங்குவது.
மூலையில் துளை, அதில் ஒரு சாவி வளையம்.
மஞ்சள் அடிக்கோடு என்றால், தடு.
சிவப்பு என்றால், அடி.
பச்சை என்றால், ஒன்றும் செய்யாதே எனோரா,
தயவுசெய்து ஒன்றும் செய்யாதே.

ப்ரெஸ்த் துறைமுகத்தில் ஏலம் தொடங்குமுன்
மீன் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள் நான்.
ஐஸில் விரல் மரத்த இடைவேளைகளில் எழுதியவை இவை.
சிலவற்றில் செதில்.
ஒன்றில் மத்தி வாசம்,
மூன்று மாதமாய்ப் போகவில்லை.

ஏன் கையால், என்கிறான் கூட ஆடும் ழூல்,
எல்லாம் போனிலேயே இருக்கிறதே.
இருக்கிறது. போனில் இருப்பது போனுக்குத் தெரியும்.
சண்டை போடுவது என் கை.

ஒரு நொடியை அறுபதாய் நறுக்கு.
இமைத்துத் திறப்பதற்குள் பத்துத் துண்டு தீர்ந்துவிடும்.
மாத்திரை எண்ணிச் செய்யுள் கட்டுகிறவர்கள் போல
நான் துண்டு எண்ணி உதை கட்டுகிறேன்.
சாமியார் தரையோடு கொடுக்கு வீசுவார்.
தடுத்துவிட்டால் பதினொரு துண்டு நேரம்
திருவோடு மறந்தவர் மாதிரி அசையாமல் நிற்பார்.
பதினொன்றுக்குள் முடிவது சின்னக் குத்து ஒன்றுதான்.
ஆயிரம் தடவை தடுத்தேன்.
ஆயிரம் சின்னக் குத்து.

ரென் நகரம், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை,
கூடைப்பந்துக் கூடத்தில் மடக்கு மேசைகள்.
எதிரே அம்ப்ருவாஸ், ரூபேக்காரர்,
நாற்பதைத் தாண்டியவர்,
கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி.
ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும்.
ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தபோது
வளையம் வாயைப் பிளந்தது.
அட்டைகள் அவர் நாற்காலிக்கடியில்.

பொறுக்கித் தந்தார், ஒன்றைத் தவிர.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.
நடுவரிடம் பேனா வாங்கி
ஓர் எண்ணின் இடுப்பில்
சின்னதாய் ஒரு கோடு இழுத்தார்.
"இது பதினொன்று இல்லை, பதினேழு.
நீங்கள் எழுதியதுதான்.
லில்லில் தபால் பிரிக்கிறேன்.
கோடு போடாத ஏழு
தினமும் வேறு தெருவுக்குப் போய்விடுகிறது."

எங்கள் ஊர் ஒன்றுக்கு மூக்கு நீளம்.
ஏழை விட்டால் அதன் தம்பி.
பதினேழுக்குள் பெரிய உதை வரும்,
அதன் பின்னாலேயே சுவர்வரை மூன்று அடி வரும்.
மூன்று மாதம் பந்தியில் உட்கார்ந்து
ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு
எழுந்து போயிருக்கிறேன்.

மூன்றாவது ஆட்டம். கொடுக்கு வந்தது. தடுத்தேன்.
பெரிய உதை.
யாரோ விசிலடித்தார்கள்.
"வந்து சேர்ந்ததா?" என்றார் அம்ப்ருவாஸ்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அந்த ஆட்டம் எனக்கு.

அதற்கப்புறம் அவர் கொடுக்கை வீசவே இல்லை.
குதித்தார். பிடித்து எறிந்தார்.
பல நேரம் சும்மா நடந்து வந்தார்,
கடைக்குப் போகிறவர் போல.
நடந்து வருவதற்கு என்னிடம் அட்டை கிடையாது.
மூன்றுக்கு இரண்டு, அவருக்கு.
கை குலுக்கினோம்.
அவர் உள்ளங்கை என்னுடையதைவிட ஈரம்.

ரயிலில், மோர்லே தாண்டும்வரை,
வளையத்தைக் கழற்றிவிட்டு ஏழுகளைத் தேடினேன்.
பத்தொன்பது அகப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் கோடு.
புதிய அட்டையில் 'நடந்து வந்தால்' என்று எழுதி
கீழே எழுத ஒன்றும் இல்லாமல்
அப்படியே அடியில் செருகினேன்.

இன்னும் இரண்டு எண்கள் பாக்கி.
ஒன்றா ஏழா, எழுதின எனக்கே தெரியவில்லை.
ஒன்றின் மேல் செதில் காய்ந்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
எண்ணில் பாதியும் கூடவே வந்துவிட்டது.