விதி எண் 214

பெயரில் மட்டும்தான் தீ.
சர்வர் அறையில் பதினாறு டிகிரி,
கம்பளிக்குள் நான்,
இரவு இரண்டே கால்.
குரெசாரே மருத்துவமனையின் ஃபயர்வால்
பச்சை விளக்கைச் சிமிட்டியபடி
வருவதையெல்லாம் மறுத்துக்கொண்டிருந்தது.
அதற்குத்தான் அது. நானும்.

மூன்றாம் மாடியில் ரீலிகா.
காது கேளாதவள். வலி நெருங்கிவிட்டது.
காற்று முற்றி ஃபெர்ரி நின்றுபோனதால்
சைகை மொழிபெயர்ப்பவள்
தார்த்துவிலேயே திரைமுன் உட்கார்ந்திருக்கிறாள்.
அழைப்பு மணி போய்ச் சேர்ந்தது.
ரீலிகாவின் கைகளும் போய்ச் சேர்ந்தன.
பதிலுக்கு வந்த கைகள் மட்டும்
என் வாசலில்
நொடிக்கு ஐம்பது துண்டாக
உதிர்ந்துகொண்டிருந்தன.
அவள் பார்த்தது கறுப்பு.

மென்பொருள் விற்றவனைக் கூப்பிட்டேன்.
கொட்டாவிக்கு நடுவே சொன்னான்:
"ஆயிரத்து இருபத்து நாலிலிருந்து
அறுபத்தையாயிரம் வரை
எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடுங்கள்,
வேலை செய்யும்."
செய்யும்.
கதவைக் கழற்றிவிட்டால்
காற்று நன்றாகத்தான் வரும்.
போன நவம்பரில் அப்படி ஒரு ஓட்டையில் நுழைந்தவன்
எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டான்.
ஒன்பது நாள்
எலும்புகளை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

நர்ஸ் ஹில்யா இறங்கி வந்தாள்.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
"பத்து நிமிஷம்."
"குழந்தையிடம் சொல்லிவிடுகிறேன்" என்று போனாள்.

உள்ளுக்கும் ஊருக்கும் நடுவில்
ஒரு பழைய பெட்டியைத் தூசி தட்டி நிறுத்தினேன்.
வெளியில் இருப்பவர்கள் அதனிடம் பேசட்டும்.
அது என்னிடம் ஒரே வாசலில் வரட்டும்:
மூவாயிரத்து நானூற்று எழுபத்தெட்டு.
தார்த்துவின் ஒரு முகவரிக்கு மட்டும்,
முத்திரையிட்ட உறையில் மட்டும்.
முதல் தடவை எழுபத்தேழு என்று அடித்துவிட்டேன்,
விரல் விறைத்திருந்தது.
மறுப்பு மறுப்பு மறுப்பு என்று
ஓடிக்கொண்டிருந்த பதிவேட்டில்
அடுத்த முறை ஒரு வரி
அனுமதி என்றது.

அவர்கள் என்ன பேசினார்களோ தெரியாது.
தெரியக் கூடாது, அதற்காகத்தானே உறை.
என்னிடம் இருப்பது இவ்வளவே:
தொடக்கம் 2:41. முடிவு 5:08.
இடையில், நாலேகால் இருக்கும்,
காற்றோட்டக் குழாய் வழியாக
ஒரு அழுகை
யாரிடமும் அனுமதி கேட்காமல் இறங்கி வந்தது.

ஏப்ரலில் தணிக்கைக்கு வந்த தாவோ
அந்த வரியில் விரல் வைத்தார்.
"காரணம் என்ற கட்டத்தில்
'கைகள்' என்று எழுதியிருக்கிறதே?"
"ஆமாம்."
"காலாவதித் தேதி?"
மறந்துவிட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு
ஒரு வருஷம் என்று குறித்துக்கொண்டார்,
பென்சிலால்.