வியாழக்கிழமைப் பை

சாவி என்னிடம் இருந்தது.
அதனால் அந்த நான்கு மாதமும்
யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"சாவி எங்கே?" என்பார்கள்.
நான் போய் நிற்பேன்.

இகிடோஸுக்குச் சாலை கிடையாது.
எது வந்தாலும் ஆற்றில் வர வேண்டும்,
இல்லையென்றால் வானத்திலிருந்து.
ஏப்ரலில் இரண்டும் மூடிக் கிடந்தன.
பேரேட்டில் எழுதினேன்:
மாஸ்க், என்-95, இருப்பு நாற்பத்தொன்று.
ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதைப் பேரேட்டில் எழுதவில்லை,
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
வியர்வையில் அழியட்டும் என்று.

சந்தையில்
மோட்டார் ரிக்‌ஷாக்காரர்களின் ரெயின்கோட் கிடைத்தது,
மஞ்சள் நிறத்தில் பதினெட்டு.
உள்ளே போட்டால் ஆள் வெந்துவிடும்.
பழைய எக்ஸ்ரே படங்களைப் பிளீச்சில் ஊறவைத்து
முகத்திரை செய்தோம்.
சிலது சரியாக வெளுக்கவில்லை.
டாக்டர் பேசும்போது
யாருடைய விலா எலும்போ
அவர் வாய்க்கு முன்னால் மங்கலாக அசையும்.

மாஸ்க்குக்கு மட்டும் மாற்று இல்லை.
இயக்குநர் ஒரு சட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்.
நாற்பத்தொரு பெயர்.
வாரத்தில் ஒரு நாள் அதோடு உள்ளே போகலாம்,
மீதி ஆறு நாள்
மாஸ்க் காகிதப் பையில் ஓய்வெடுக்கும்.
ஆளுக்கு ஓய்வில்லை.
வெளியே கூடாரத்தில், வாயில் துணி கட்டிக்கொண்டு.
ரொட்டிக்கடைப் பைகள்.
என் அலமாரியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்,
நாளுக்கு ஆறு, ஞாயிறுக்கு மட்டும் ஐந்து.
முதல் வாரம் அவற்றில்
ரொட்டி வாசம் இருந்தது.

கூட்டுகிறவர்கள் பெயரை
யாரும் சட்டியில் போடவில்லை.
மறந்துவிட்டார்களாம்.

வியாழக்கிழமை, இரண்டாவது ஆணி:
எடில்மா தபுயீமா.
பெயருக்குக் கீழே ஒரு மீன் வரைந்திருப்பாள்,
வாலை எப்போதும் தப்பாக.
ஒரு திங்கள் இரவு வந்தாள்,
பின்னால் வாளியும் துடைப்பமுமாக
ரோஹெர் வைமகாரி.
"இவன் தினமும் உள்ளே போகிறான்.
என்னுடையதைத் திங்கட்கிழமை இவனுக்குக் கொடுங்கள்.
வியாழனுக்கு மூன்று நாள் இருக்கிறதே,
போதாதா?"
சுவரில் ஒட்டிய காகிதம் ஆறு நாள் என்றது.
ரோஹெர் காகிதத்தைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தான்.

கொடுத்தேன்.

அடுத்த திங்களும் கொடுத்தேன்.
அவன் தலை பெரியது.
எலாஸ்டிக் அறுந்து,
ஸ்டேப்ளர் பின் போட்டு,
பிறகு ஒரு முடிச்சு.
வியாழன் காலை அவள் அந்த முடிச்சை
நகத்தால் நெண்டி அவிழ்ப்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து
பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.
ஒருமுறை மட்டும்:
"செம்படவன் முடிச்சு. கெட்டியாகத்தான் போடுகிறான்."

மே மாதம் மூன்றாவது வியாழன்
அந்தப் பையை வாங்க யாரும் வரவில்லை.

அதன்பின் பதினோரு நாள்.
ஆக்சிஜன் கதை வேறு,
அதன் சாவி என்னிடம் இல்லை.

அவளுக்கு அது எங்கிருந்து வந்தது?
கூடாரத்தில் நானூறு பேர் இருமினார்கள்.
படகுத்துறையில், வங்கி வரிசையில்,
அவள் அக்கா வீட்டில்.
எங்கிருந்தும் வந்திருக்கலாம்.
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்,
நான் கேட்காமலே.
ரோஹெருக்கு ஒன்றுமில்லை.
ஒரு சளிகூட இல்லை.
ஜூன் முழுக்க அவன் என் கதவு வரை கூட்டிவிட்டு
வாசலைக் கூட்டாமல் திரும்பிப் போனான்.

ஆகஸ்டில் விமானம் வந்தது.
பன்னிரண்டாயிரம் மாஸ்க்.
பெட்டிகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள்;
படத்தில் நானும் இருக்கிறேன்,
ஓரத்தில், பாதி முகம்.
பழையதை எரிக்கச் சொல்லி உத்தரவு.
சூளைக்குக் கொண்டுபோனவன் ரோஹெர்.
திரும்பி வந்து சொன்னான்:
"நாற்பது."
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
கை சட்டைப் பையின் மேல் இருந்தது.
வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது,
அவன் "நாற்பது" என்று மறுபடி,
கொஞ்சம் சத்தமாக.

பேரேட்டில் நாற்பத்தொன்றை அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: எழுத்துப் பிழை.
கையெழுத்துப் போட்டேன்.
இருபத்தாறு வருட வேலையில்
நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
என்னைத்தான் என்று புரிய
கொஞ்ச நேரம் ஆகிறது.