ஏழாம் கட்டம்

செம்பவாங் கப்பல் பட்டறை, நாற்பத்தாறு மார்ச்.
கூரையில் குண்டு விழுந்த ஓட்டைக்கு நேர் கீழே
மேசை போட்டிருந்தார்கள்.
மழை வந்தால் நான் பேரேட்டைத் தூக்கிக்கொள்ள வேண்டும்,
துரை பேனாவை.

சொல் மாற்றுவது என் வேலை.
அவர் கேட்பதைத் தமிழில், இவர்கள் சொல்வதை இங்கிலீஷில்.
நடுவில் என் வாய்க்குச் சொந்தமாக ஒன்றுமில்லை.

டோக்கன் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு,
பாய்லர் பகுதி, சன்னாசி.
பித்தளை வில்லையை மேசைமேல் வைத்தார்.
ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. எண் மட்டும்
கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்துத் துலங்கியது.

கடைசியாக வேலைக்கு வந்த நாள்?

‘ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை.
மறுநாள் கூலி நாள். வந்தேன்.
கேட்டில் ஆள் இல்லை, பணப்பெட்டி இல்லை,
நீங்கள் இல்லை.’

‘நீங்கள்’ என்பதை ‘அதிகாரிகள்’ என்று மாற்றிச் சொன்னேன்.
யாரைக் காப்பாற்ற என்று இன்றுவரை தெரியவில்லை.

எதிரிக்கு வேலை செய்தாயா?

செய்தவனுக்கு எதிரி கூலி கொடுத்துவிட்டான்; பாக்கி இல்லை.
செய்யாதவன் வேலைக்கே வரவில்லை; பாக்கி இல்லை.
சட்டத்துக்கு இரண்டு கதவு,
இரண்டும் வெளிப்பக்கம்தான் திறக்கின்றன.

சன்னாசி செய்திருந்தார்.
அதே கொதிகலன், அதே சுத்தியல்,
வாழைமரம் அச்சடித்த நோட்டு.
கடைசியில் ஒரு கட்டு நோட்டுக்கு ஒரு மரவள்ளிக் கிழங்கு.
மாட்டேன் என்ற தம்பியைச் சயாம் ரயிலுக்கு ஏற்றினார்கள்.
‘அவன் டோக்கன்’ என்று
மடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார்.
ஆயிரத்து எண்ணூற்று நான்கு.

துரை கெட்டவரில்லை. சாங்கிச் சிறையில் எலும்பாகி வந்தவர்.
கைக்குட்டையால் முகத்தை அழுத்திக்கொண்டு சொன்னார்:
உரியவர் நேரில் வர வேண்டும்.

அதைத் தமிழாக்க
எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

‘அப்போ அவனுக்கு
லீவு கொடுத்தது யாருன்னு கேளுங்க’ என்றார் சன்னாசி.
நான் கேட்கவில்லை.

ஏழாம் கட்டம், காரணம்.
இருவருக்கும் ஒரே சொல்லை எழுதச் சொன்னார் துரை.
எழுதினேன்: வராதவர்.
கீழே, அதே போல: இரண்டு சின்னப் புள்ளிகள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறு பேரேடு.
அதில் போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டேன்,
மூன்றரை வருஷத்துக்கும் பாதிச் சம்பளம்.
பூட்டிய கேட்டுக்கு வெளியில் நானும்தான் நின்றேன்.
அவர்கள் கணக்கை நானும்தான் எழுதினேன்.
என் பேரேட்டில் ஏழாம் கட்டமே கிடையாது.

சன்னாசி தன் வில்லையை எடுத்துக்கொண்டார்.
மற்றதைத் தொடவில்லை.
‘இங்கேயே இருக்கட்டும். வந்தா நேர்லயே வாங்கிக்குவான்.’

வரிசை கேட்டைத் தாண்டி நின்றது.
அடுத்து ஆணியறையும் சீனர், அவருக்குப் பின்னால்
குழந்தையோடு ஒரு மலையாளத்துப் பெண்.

மழை வந்தது.
பேரேட்டைத் தூக்கிக்கொண்டேன், துரை பேனாவை.
மேசையில் பித்தளை நனைந்தது.

அடுத்த ஆள், என்றேன்,
துரை சொல்லும் முன்பே.