காலடியில் காய்ப்பது

ராயப்பன்பட்டிக் கோயில் மணி ஐந்து அடிக்குமுன்
ஜீப்பில் தலை எண்ண வேண்டும்.
பதினாலு.
என்னை எண்ணும் வழக்கமில்லை.
எட்டுப் பேருக்கான வண்டி அது,
மடிமேல் மடி, தூக்குவாளிமேல் தூக்குவாளி.
பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு
கம்பம்மெட்டு ஏற்றம் முழுக்க நான் நின்றே வருவேன்.

கங்காணிக்குக் கூடுதலாய்க் கிடைப்பது
நாளுக்கு முப்பது ரூபாய்,
அப்புறம் பதினாலு வீட்டுக் கவலை.
என் வீட்டுக் கவலை தனி, ஆண்டவரே.
அவருக்கு இடுப்பு போய் எட்டு மாதம்.
செவ்வாய்தோறும் குழுக்கடன்காரன்
பைக்கை அணைக்காமல் வாசலில் நிற்பான்.
சின்னவனின் பாலிடெக்னிக் பீஸ் சீட்டை
வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்,
நீரும் படியும் என்று.

ஏலச்செடி ஆளுக்கு மேல் உயரம்.
சுற்றுலா வந்தவர்கள் அண்ணாந்து இலையில் காய் தேடுவார்கள்.
காய் அங்கே இல்லை.
தூரடியில், மண்ணோடு மண்ணாய்ச் சரம் ஓடும்.
முட்டி போடாதவளுக்கு ஒரு காயும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை
எஸ்டேட் கேட்டில், மழை இருட்டில்,
எங்கள் நடுவே விழுந்து கிடந்தது ஒரு துணி முடிச்சு.
ஒரு கைப்பிடி பச்சைக் காய்.
நீலக் கட்டம் போட்ட துணி,
லூர்தம்மா மகளின் பழைய யூனிபார்ம்.
எனக்குத் தெரிந்தது. பேபிச்சன் சாருக்குத் தெரியவில்லை.
அவர் சத்தம் போடவில்லை. நோட்டைத் திறந்தார்.
"பேரு பற.
இல்லெங்கில் திங்களாழ்ச்ச ஆரும் வரண்டா."

பெயர் நாக்கு நுனியில் இருந்தது.
சொன்னால் பதின்மூன்று அடுப்பு எரியும்.
தெரியாது என்று பொய் சொல்லவும் வரவில்லை.
"யாரென்று தெரியும் சாரே. சொல்லமாட்டேன்.
என் ஆள். என் கணக்கில் எழுதுங்க."
ஒரு வாரக் கூலி எழுதினார்.
பேனா நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மனசோடு செய்தேன் என்று நினைத்துவிடாதேயும்.
இறக்கம் முழுக்க, வாயைத் திறக்காமல்,
வளைவுக்கொரு வசவு.
பிச்சையம்மாதான் கேட்டாள்:
"நீ என்ன பெரிய மாதாவா?"
"இல்லடி. எனக்கும் பீஸ் கட்டணும்."

ஞாயிறு பூசையில் உம் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.
தலையைத் தாழ்த்தியதில்
சிலுவையில் உம் முட்டி கண்ணில் பட்டது.
இரண்டிலும் சிராய்ப்பு வரைந்திருந்தார்கள்.
நாற்பது வருஷமாய் நான் கவனிக்காத சிவப்பு.
மரத்தோடு விழுந்தபோது உரிந்ததா?
முந்தின ராத்திரி,
பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவி
தரையில் நகர்ந்து நகர்ந்து போனபோதா?
காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலையும்
தெரிந்தே பிடித்தீரே,
அப்போது உமக்கு வசவு வரவில்லையா?
பதில் இல்லை.
என் முட்டி மட்டும் வலித்தது.

திங்கள் விடியுமுன் லூர்தம்மா வாசலில் நின்றேன்.
உள்ளே விளக்கு. கதவு சாத்தியிருந்தது.
மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை,
முழுசாய் மன்னித்திருக்கவும் இல்லை.
"தூக்குவாளியை எடு. ஜீப் வந்துருச்சு."
டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.
அப்புறம்தான் தாழ்ப்பாள் சத்தம்.

மூன்றாம் வளைவில் பிச்சையம்மா
என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.
"மடியில உக்காரு.
எத்தனை நாளைக்குக் கம்பியைப் பிடிச்சே சாவ?"
உட்கார்ந்தேன்.
கூலி திரும்பிவிடவில்லை, செவ்வாய் தள்ளிப்போகவில்லை.
பாரம் மட்டும் இன்னொரு மடிக்கும் கொஞ்சம் தெரிந்தது.

செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து,
எத்தனை பேர் என்றான் காவல்காரன்.
நான் வாய் திறக்குமுன்
மூலையிலிருந்து லூர்தம்மா குரல்,
இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை:
"பதினைஞ்சு."