அரைநாள் லீவு

காலை நாலரைக்கு, கரையோர ரயில் ஓடத் தொடங்குமுன்,
புல்மாவை வெந்நீரில் குழைத்து
ஊசியில்லாத சிரிஞ்சில் இழுக்கிறேன்.
தொதல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
துவாய்க்குள் சுற்றினால் ஒரு தேங்காயளவு.
இதயம் மட்டும் தையல் மெஷின்.

கடைவாய்ப் பற்கள் கோணலாய் வளரும் வருத்தம்.
நாக்கின்மேல் பாலம்போலச் சாயும்,
ஆறு கிழமைக்கொரு தரம் தேய்க்க வேண்டும்.
மூத்திரப்பையில் சுண்ணாம்பு மணல்,
அது வேறு.
"சுகமாகாது" என்றார் நுகேகொடை டொக்டர் நோனா,
என் சிங்களத்துக்கு இரங்கி மெதுவாக.
"சமாளிக்கலாம்."
வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில்
அந்த இரண்டாவது சொல்லைத்தான்
பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடல் கடந்து வரும் வைக்கோல்
பாஸ்மதியிலும் விலை.
அதனால் ஞாயிறுகளில் கால்வாய்க்கரையில் கினிப்புல் அறுக்கிறேன்.
நாய் காலைத் தூக்கிய இடம் எது, தூக்காத இடம் எது
என்று எனக்கு இப்போது தெரியும்.
மூன்று தண்ணீர் அலசி, கொடியில்
உடுப்புகளுக்கு நடுவே காயப்போடுகிறேன்.
"இந்தக் காசுக்குப் பத்து வாங்கலாமே"
என்றாள் கீழ்வீட்டு சறோஜினி அக்கா.
வாங்கலாம் அக்கா.
இரண்டாம் மாடிப் படியிலேயே என் செருப்பை அடையாளம் கண்டு
வீக் வீக் என்று கதவைப் போட்டு உடைக்க
அந்தப் பத்துக்கும் யார் பழக்குவது?

கடையில் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.
மலிபன் வீதியில் ஆணி, பிணைச்சல், போல்ட் மொத்த விற்பனை.
நான் கணக்கு.
முதன்முதல் அரைநாள் கேட்டபோது
பன்றி என்று முடிகிற ஒரு சொல்லை
நிலாம்தீன் முதலாளி முன்னால் எப்படி எடுப்பது?
"பிள்ளைக்குச் சுகமில்லை" என்றேன்.
தகப்பன் யாரென்று அவர் கேட்கவில்லை.
அது அவருடைய பெருந்தன்மை.
"என்ன வருத்தம்?"
பல்.
"பால்பல்லா?"
இல்லை, கடைவாய்.
"என்ன வயசு?"
நாலு.
பிறகு யோசித்தால், ஒன்றுமே பொய்யில்லை.
ஆனாலும் ஆறு கிழமைக்கொரு தரம்
அவர் மேசை லாச்சியைத் திறந்து
ஒரு மாரி பிஸ்கட் பக்கட்டை நீட்டுவார்.
பிள்ளைக்கு.
அதை நான் பஸ்ஸில் வைத்தே தின்று முடிப்பேன்,
தொண்டையில் ஒட்ட ஒட்ட.

மார்கழிக் கடைசியில்
கடைப் பெடியன்களின் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தார்.
எனக்கும் மூன்று.
மண்ணிறத் தாளால் உறை போட்டு, விளிம்பு மடித்து,
நாற்பது வருசம் போல்ட் எண்ணிய விரல்கள்.
"அடுத்த வருசம் ஸ்கூல்தானே."
ஓம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

முதல் கொப்பி பாதி முடிந்துவிட்டது.
தை 9. 871 கிராம். மூத்திரம் தெளிவு.
தை 10. 866. கொத்தமல்லியை மணந்துவிட்டு விட்டது.
தை 13. 840. துவாயில் இளஞ்சிவப்பு.
தை 14 அன்று எழுதவில்லை.
அன்றிரவு குளியலறைத் தரையில் இருந்தோம்,
நானும் அதுவும், கரண்ட் இல்லாமல்.
மூத்திரம் போக அது முதுகை வளைத்துக் கத்தும்போது
போன் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பினேன்.
வெட்கப்படும் என்றல்ல.
என் முகத்தை அது பார்க்கக் கூடாதென்று.
வலிக்கு மஞ்சள் மருந்து, சீரோ தசம் மூன்று.
விடியப்புறம் கையில் நனைந்தது.
துவாயை ஜன்னலடியில் விரித்துப் பார்த்தேன்,
தேயிலைச் சாயம் பார்ப்பவர்கள்போல.

இன்று 849.
ஒன்பது கிராம் கூட.
ஒன்பது கிராமென்றால் எங்கள் கடையில்
கை நழுவினால் குனிந்து தேடாத
ஒரு சின்னப் போல்ட்.

கொப்பி மட்டையில் பெயர் என்று ஒரு கோடு இருக்கிறது,
அதில் எழுதிவிட்டேன்.
வகுப்பு என்ற கோட்டில் பேனை நிற்கிறது.

முதலாளி இன்று கேட்பார்.
சாப்பிட்டது என்று சொல்லலாம்.
இன்னும் இரண்டு மில்லி மிச்சம்.
வாயைத் திற,
எட்டு மணிக்குள் நான் புறக்கோட்டையில் நிற்க வேணும்.