எத்தனை பேர் என்று மட்டும்

சித்ரா என்றால் ஊரில் ஒரு பெண் பெயர்.
பஹ்ரைனில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் தீவு.
வெள்ளிக்கிழமை, சலவைக்கடையின் பின்னறை,
இஸ்திரிப் பெட்டியின் சூடு இறங்குமுன்
ஏழு பேர் கூடிவிடுவோம்.
சங்கம் என்று சொல்வதில்லை. சொன்னால் பதிவெண் கேட்பார்கள்.
யாராவது எட்டிப்பார்த்தால்
துணி வாங்க வந்தவர்கள்.

முதல் கேள்வியை எழுதியவன் பிச்சைக்கனி.
சாரம் கட்டுகிறவன், கோணல் எழுத்து.
'பாஸ்போர்ட்டுக்குப் பணம் கட்டும்போதெல்லாம்
நல நிதிக்கென்று கொஞ்சம் பிடிக்கிறீர்களே,
அதில் எத்தனை பெட்டிகள் ஊர் போய்ச் சேர்ந்தன?
பெட்டிக்குள் போனவர்கள் யார் யார்?'
பத்து ரூபாய் அஞ்சல் ஆணை வாங்கி
தொண்டியில் அவன் கொழுந்தியாள் அனுப்பினாள்.

முப்பது நாள் கெடு. எழுபதாம் நாள் பதில்:
'தனிநபர் தகவல். தர இயலாது.'

சிரித்துவிட்டோம்.
கட்டிலுக்கு மேலே கேமரா.
பத்து விரலும் கம்பெனியின் கணினியில்.
என் ரத்த வகை, என் கடன்,
நேற்று எத்தனை முறை கழிப்பறை போனேன்
எல்லாம் சூப்பர்வைசருக்குத் தெரியும்.
உயிரோடிருந்தவரை இல்லாத அந்தரங்கம்
செத்தபின் எங்கிருந்து வந்தது?

மேல்முறையீடு. அதற்கும் மேல் ஒன்று.
டெல்லியில் ஒரு வக்கீல், முகம் பார்த்ததில்லை,
கட்டணம் வேண்டாம் என்றார்.
இரண்டாவது ரமலானில் பட்டியல் வந்தது.
நாற்பத்தொரு பெயர்.
ஊர், மனைவி பெயர், காரணம்.
ஜெயித்த வேகத்தில்
எல்லாக் கேம்ப்புக்கும் போனில் அனுப்பினோம்.

மூன்றாம் நாள் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து அழைப்பு.
'பத்தொன்பதாவது வரி என் வீட்டுக்காரர்.
மாரடைப்பு என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்க்கிறேன்.
தூக்கு என்கிறது உங்கள் காகிதம்.
பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் படித்துக் காட்டினானாம்.'
அவள் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அந்த வெள்ளி சுலைமானி ஆறிக் கிடந்தது.
பிச்சைக்கனி பேனா கேட்டான்.
'யார் யார்' என்பதை அடித்தான்,
தாள் கிழியும்படி.
அதன் கீழே எழுதினான்:
எத்தனை பேர். எந்தக் கம்பெனி. எந்த மாதம். என்ன செலவு.
பெயர் வேண்டாம்.
பெயரைக் கேட்கும் உரிமை
அந்தந்த வீட்டுக்காரிக்கு.

இப்போது சட்டத்தையே திருத்துகிறார்களாம்.
கருத்துச் சொல்ல இருபது நாள்.
எங்கள் நாலு வரியும் போயிருக்கிறது,
எங்கெங்கோ பின்னறைகளில் எழுதியவற்றோடு.
மூன்று வரி தேறிவிடும் என்கிறார் வக்கீல்.
'எந்தக் கம்பெனி'யைத்தான்
யாரோ பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்கள்.

போனில் பட்டியலை அழித்துவிட்டேன்.
பத்தொன்பதாவது வரி மட்டும்
அழிக்காமலே நினைவிருக்கிறது.