வெயிலுக்குப் பட்டா

பங்குனிக் கடைசியில்
குட்டியானையில் வந்து இறங்கின ஆறு பலகைகள்.
வீட்டுக்காரர் தெய்வேந்திரன்
இருபத்தொன்பது வருடம் பஸ்ஸில் சில்லறை எண்ணிய விரலால்
தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டார்,
ஏதோ ஒன்று வழியில் இறங்கியிருக்கும் என்பதுபோல.

மாடியில் என் துணிக்கொடி போனது.
மகளின் சீருடை இப்போது குளியலறைக் கம்பியில்
காய்ந்தும் காயாமலும்.
கேட்டதற்கு, "நாட்டுக்கு நல்லதும்மா" என்றார்.
"அப்ப எனக்கு யூனிட்டுக்கு எவ்வளவு குறைப்பீங்க?"
அதே எட்டு ரூபாய்தான் என்றார்.
நாட்டுக்கு நல்லதுதான்.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவழியே போகிற யாரும்
அவர் போனைப் பார்க்காமல் தப்ப முடியாது.
இன்றைக்குப் பதினொன்று, நேற்று பன்னிரண்டரை.
தேய்ப்புக்கார வீரணன் பெட்டிக்குள் கரியை ஊதிவிட்டுக் கேட்பான்:
"மேகம் போட்டா லீவாண்ணே?"

எதிர்வீட்டு ஒச்சம்மாளிடம் மட்டும் அவர் காட்டுவதில்லை.
நாலு மணிக்கு மேல் அவள் முருங்கையின் நிழல்
மூன்றாவது பலகையில் விழுகிறதாம்,
கிளையைக் கழிக்கச் சொல்லி ரெண்டு தடவை ஆள் விட்டாச்சு.
"ஒவ் வீட்டுக்காரரு
வெயிலுக்கும் பட்டா வாங்கிட்டாராடி?"
என்று என்னைக் கேட்கிறாள்,
கூடவே ஒரு கொத்து கீரையும் தருகிறாள்.

அக்கினி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்
உச்சிப் பொழுதில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
தெரு மொத்தமும் அவர் ஜன்னலைப் பார்த்தது.
அவர் ஃபேனும் நின்றிருந்தது.

தலைக்கு மேல் கொள்ளை வெயில்.
ஆனாலும் லைனில் கரண்டு இருந்தால்தான் இதுவும் ஓடுமாம்.
மாட்டிய அன்றே ஜெயபாண்டி சொன்னானாம்,
கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் காதில் ஏறவில்லையாம்.
ஒச்சம்மாள் சிரித்த சிரிப்பு அவனியாபுரம் வரை கேட்டிருக்கும்.
வீரணன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

காற்றுக்காக நானும் மகளும் மாடி ஏறினோம்.
பலகைகளுக்கு அடியில்
பாலத்தடி போல ஒரு நிழல்.
ஏற்கெனவே அங்கே அவரும் அவர் மனைவியும்,
ஒரு சொம்பு மோரும்.
ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம் விட்டார்.
ரொம்ப நேரம் கழித்து,
"பேட்டரி ஒண்ணு போட்டுரலாம்னு பாக்குறேன்" என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.

இந்தக் கோடையில் முதல்முறையாக
என் அறையின் கூரை ராத்திரியில் கொதிப்பதில்லை.
மகள் நடுவில் எழாமல் தூங்குகிறாள்.
அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால்
வாடகையில் ஏற்றிவிடுவார்.